பெட்டியில் வரும் படகு: வீட்டில் கட்டக் கயாக் கிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கரையோரம் அன்னாபொலிஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து செசபீக் லைட் கிராஃப்ட் என்ற நிறுவனம் அனுப்பும் அட்டைப் பெட்டி சுமார் எட்டு அடி நீளம் இருக்கும். உயரமோ சில அங்குலம்தான். பிரித்தால் உள்ளே 4 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகள், ஒரு சுருள் செம்புக் கம்பி, மடித்து வைத்த கண்ணாடி இழைத் துணி, எப்பாக்சி ரெசினும் ஹார்டனரும் அடங்கிய குடுவைகள், ஒரு கையேடு. படகின் சாயல்கூட எதிலும் தெரியாது. மரவேலையே பழகாதவர்கள் பலர் அதே துண்டுகளை வார இறுதிகளில் உட்கார்ந்து இணைத்து, சில மாதங்களில் 17 அடிக் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போயிருக்கிறார்கள்.

கட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். தவறான கிட்டை வாங்கிவிட்டால்தான் சிக்கல். வார்னிஷ் மின்னும் படத்தைப் பார்த்து மயங்கி, தன் எடையைத் தாங்காத படகையோ, வீட்டு மாடிப்படியில் திரும்பாத படகையோ வாங்கிவிடுவது எளிது. எண்பது, நூறு மணி நேர உழைப்பைக் கொட்டிய பிறகு அந்தத் தவறு தெரியவந்தால் மனம் நொந்துபோகும். எனவே இந்த அத்தியாயம் கேள்விகளை ஒரு வரிசையில் வைக்கிறது: எந்தத் தண்ணீர், யாருடைய உடல், எந்தக் கட்டும் முறை, எவ்வளவு இடமும் நேரமும், பெட்டிக்குள் என்ன, அது எப்படிப்பட்ட மரம், எப்படிப்பட்ட பசை. இந்த வரிசையிலேயே போனால் நூற்றுக்கணக்கான மாடல்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

எந்தத் தண்ணீர்?

ஏரியில் மிதக்கும் கயாக்கும் கடலில் போகும் கயாக்கும் பெயரில்தான் ஒன்று. மாலையில் ஒரு மணி நேரம் அமைதியான நீரில் சுற்றவும், தூண்டில் போடவும், பறவை பார்க்கவும் 10 முதல் 12 அடி நீளமும் 27 முதல் 30 அங்குல அகலமும் உள்ள படகு போதும். மேலே சொன்ன நிறுவனத்தின் வுட் டக் வரிசை இந்த வகை. பெயரோடு வரும் 10, 12, 14 என்ற எண்கள் அடிக்கணக்கில் அதன் நீளம். உட்காரும் வாய் அகலமானது என்பதால் மூட்டுவலி உள்ளவரும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம்.

ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் போக வேண்டும், அலையும் காற்றும் உள்ள விரிகுடாவைக் கடக்க வேண்டும், கூடாரமும் சமையல் சாமானும் ஏற்ற வேண்டும் என்றால் 16 முதல் 18 அடி நீளமும் 21 முதல் 24 அங்குல அகலமும் உள்ள கடல் கயாக்தான் சரி. செசபீக் 17, ஷியர்வாட்டர் 17 போன்றவை இந்த இனம்.

நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு பழைய கணக்கு காட்டுகிறது. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், அந்தப் படகு தன் அலையைத் தானே ஏற முயன்று திணறத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 12 அடிக்கு அது மணிக்குச் சுமார் 8.6 கிலோமீட்டர், 17 அடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். சாதாரணமாகத் துடுப்புப் போடுபவர் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர்தான் போகிறார். ஆகவே ஏரியில் உலாவ விரும்புபவர் வேகத்துக்காக நீளப் படகு வாங்க வேண்டிய தேவையே இல்லை. நீளம் கூடக் கூட நீரோடு உராயும் பரப்பும் கூடுகிறது. படகைத் திருப்புவதும் கடினமாகிறது. நீளத்தின் உண்மையான பயன், நாள் முழுக்க ஒரே திசையில் நேராகப் போவதிலும் சுமை ஏற்றுவதிலும் இருக்கிறது.

நிலைத்தன்மை இரண்டு வகை. உட்கார்ந்தவுடன் ஆடாமல் இருப்பது ஒன்று. பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்த பிறகும் கவிழாமல் தாங்கிப் பிடிப்பது மற்றொன்று. தட்டையான, அகலமான அடிப்பாகம் முதலாவதைத் தாராளமாகத் தரும். ஆனால் பெரிய அலை பக்கத்திலிருந்து வரும்போது அலையின் சரிவோடு படகும் சரியும். ஒடுங்கிய கடல் கயாக் முதல் நாள் நடுங்கும். பத்து நாள் பழகினால் அந்த நடுக்கம் அலைக்கு ஏற்ப இடுப்பால் சமாளிக்கும் வசதியாக மாறிவிடும். கடையிலோ படகுக் குழாமிலோ இரண்டு வகையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே கவனிக்க வேண்டும். உட்காரும் இடத்துக்கு முன்னும் பின்னும் நீர் புகாத குறுக்குத் தடுப்புகள் இருக்கின்றனவா? வாய் அகலமான ஏரிப் படகுகள் சிலவற்றில் முன்பக்கத் தடுப்பு இருக்காது. அப்படிப்பட்ட படகு கவிழ்ந்தால் 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் உள்ளே போகும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் நீந்திக்கொண்டிருப்பவரால் அதைத் தூக்கிக் கவிழ்த்து வெறுமையாக்க முடியாது. தடுப்பு இல்லாத கிட் பிடித்துப்போனால், முன்னும் பின்னும் செருக மிதவைப் பைகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

யாருடைய உடல்?

கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கயாக்கை அளவுகோல் கொண்டு அளந்ததில்லை. கட்டுபவரின் உடலே அளவுகோல். பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கின்படி, நீளம் விரித்த இரு கைகளின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு; அகலம் இடுப்பும் இரண்டு கைமுஷ்டியும்; உயரம் ஒரு கைமுஷ்டியோடு நீட்டிய கட்டைவிரல். சட்டை தைப்பதுபோல் படகும் அவரவருக்குத் தைக்கப்பட்டது. கிட் வாங்குபவர் இந்த எண்ணத்தைக் கைவிடக் கூடாது.

முதலில் எடை. நீரில் மிதக்கும் எதுவும் தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். ஆள் 70 கிலோ, படகு 21 கிலோ, தண்ணீர்ப் புட்டியும் பையுமாக 15 கிலோ என்றால் 106 லிட்டர் நீர் ஒதுங்கும். ஒவ்வொரு மாடலும் எவ்வளவு சுமைக்காக வரையப்பட்டது என்பதை நிறுவனங்கள் பட்டியலில் தருகின்றன. அந்த எல்லையைத் தொடும் அளவுக்குக் கனமானவர் அமர்ந்தால் படகு ஆழ அமிழ்ந்து மந்தமாகும். எல்லைக்கு மிகக் கீழே உள்ள மெலிந்தவர் அமர்ந்தால் படகு நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். வீசும் காற்றெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய அளவை வாங்குவது கயாக்கில் உதவாது. இதற்காகவே செசபீக் வரிசையில் 16, 17, 18 என்ற அளவுகளோடு, பக்க உயரம் குறைந்த எல்.டி. வகைகளும் உருவாயின.

அடுத்தது கால். கயாக்கில் நெருக்குவது பெரும்பாலும் பாதங்கள்தான். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, குதிகாலைச் சேர்த்துப் பாதங்களை வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு, தரையிலிருந்து கட்டைவிரல் நுனிவரை எவ்வளவு உயரம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். அந்த அளவு மேல்தளத்தின் உள் உயரத்துக்குள் அடங்க வேண்டும். பெரிய பாதம் உள்ளவர் இந்த ஒரே அளவை வைத்துப் பட்டியலில் பாதியைக் கழித்துவிடலாம்.

எந்த முறை?

வீட்டில் கட்டும் கயாக்குகள் மூன்று முறைகளில் அடங்கும்: தைத்து ஒட்டுவது, நீளமாக அறுத்த மரப் பட்டைகளை அடுக்குவது, சட்டகத்துக்குத் துணி போர்த்துவது.

தைத்து ஒட்டும் முறை 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்றது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துக் கயாக் கட்டியவர் கென் லிட்டில்டைக் என்ற ஆசிரியர். தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து அதே உத்தியில் மிரர் என்ற சிறிய பாய்மரப் படகை உருவாக்கினார்கள். டெய்லி மிரர் நாளிதழ் அதைக் கிட்டாக விற்றது. தொடக்க விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். இன்றுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் மிதந்திருக்கின்றன. படகு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்ற நிலை, சமையலறையிலும் கார் நிறுத்துமிடத்திலும் வைத்துக் கட்டிய அந்தப் படகுகளால் தளர்ந்தது.

தைத்துப் படகு கட்டுவது தமிழருக்குப் புதிதில்லை. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளில் ஆணி கிடையாது; பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்க அந்தத் தையல்தான் காரணம். இன்றைய கிட்டில் தையல் தற்காலிகமானது. ஓரமாகத் துளையிட்ட இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிடித்து, விரல் நீளக் கம்பியைத் துளைக்குள் நுழைத்து, வெளியே இரண்டு முனைகளையும் குறடால் முறுக்குவார்கள். முதல் பத்துத் தையல் வரை தொளதொளவென்று தொங்கும் பலகைகள், கம்பி இறுக இறுக ஒன்றையொன்று வளைத்து எழும்பும். ஒரு மாலைப்பொழுதுக்குள் தட்டையான மரம் கூர்மூக்குள்ள படகாக நிற்கும். பிறகு உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எப்பாக்சியைக் கரண்டியின் பின்புறத்தால் வழித்து நிரப்பி, மேலே கண்ணாடி இழைப் பட்டை ஒட்டி, காய்ந்ததும் கம்பியை வெட்டியோ உருவியோ எடுத்துவிடுவார்கள். படகை அதன் பிறகு பிடித்திருப்பது அந்த மூலைகள்தான்.

இந்த முறையில் கடல் கயாக் கட்ட 80 முதல் 100 மணி நேரம் ஆகலாம். எடை 20 கிலோவை ஒட்டி வரும். அதே நீளத்துப் பிளாஸ்டிக் கயாக் 25 கிலோவைத் தாண்டிவிடும். முதல் முறை கட்டுபவருக்கு இதுவே ஏற்ற வழி.

இரண்டாவது, பட்டை முறை. கால் அங்குலத் தடிமனும் முக்கால் அங்குல அகலமும் உள்ள செடார் பட்டைகளைக் குறுக்குச் சட்டங்களின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி பூசுவது. பிளைவுட் ஒரு திசையில்தான் வளையும். பட்டைகளோ எந்த உருண்டையையும் தழுவும். நிக் ஷேட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் கயாக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அழகு புரியும். 1998-ல் வந்த அவருடைய நூல் இன்றும் பலருக்குப் பாடப்புத்தகம். ஆனால் வேலை 200 முதல் 300 மணி நேரம். பட்டைக்குப் பட்டை இழைப்புளி போட்டுப் பொருத்துவதில் சுகம் காண்பவருக்கு அது வரம். கோடைக்குள் நீரில் இறங்க நினைப்பவருக்குப் பொறுமை தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே கலப்பு கிட்கள் உள்ளன. அடிப்பாகம் பிளைவுட், மேல்தளம் மட்டும் செடார் பட்டை. கண்ணில் படும் இடத்தில் மட்டும் உழைப்பைச் செலவிட விரும்புபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மூன்றாவது, சட்டகமும் துணியும். மரச்சட்டகத்தைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் நைலான் அல்லது பாலியஸ்டர் துணியை இழுத்துத் தைத்து, நீர்புகாப் பூச்சு பூசுவது. இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலால் செய்தது இதுவே. எடை 12 முதல் 16 கிலோ வரைதான். ஒருவரே அலட்டிக்கொள்ளாமல் தூக்கலாம். எப்பாக்சி அறவே வேண்டாம் என்பது இதன் பெரிய நன்மை. ரசாயன ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். துணிப் படகு என்றதும் கிழிந்துவிடுமோ என்ற பயம் இயல்பு. ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ் 1905-ல் ஜெர்மனியில் உருவாக்கிய மடக்குக் கயாக்கும் சட்டகமும் துணியும்தான். அந்த மரபில் வந்த கிளெப்பர் மடக்குக் கயாக்கில் ஹான்னஸ் லிண்டெமான் என்ற மருத்துவர் 1956-ல் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். 72 நாள் ஆயிற்று. கூரிய பாறைகள் நிறைந்த ஆற்றில் மட்டும் துணியைத் தவிர்க்கலாம்.

எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

படகின் நீளத்தோடு இரு முனைகளிலும் ஒரு மீட்டர், இரு பக்கங்களிலும் ஆள் நடக்கும் அகலம். 17 அடிப் படகுக்கு 24 அடி நீள அறை வேண்டும் என்று இதற்குப் பொருள். கார் நிறுத்துமிடம், கூரை போட்ட மொட்டை மாடி, ஓரம் மறைத்த வராந்தா எல்லாம் உதவும். நேரடி வெயிலும் மழையும் கூடாது; காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

கட்டும் இடத்தைவிட வெளியே போகும் வழிதான் பலரை ஏமாற்றுகிறது. படகு வளையாது. கதவு, அதற்கு எதிர்ச் சுவர், மாடிப்படியின் திருப்பம், லிஃப்ட், தெருவாசல் ஆகிய ஒவ்வொன்றையும் படகின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டித் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். கழி திரும்பாத வீட்டில் 17 அடிப் படகு திரும்பாது. அடுக்குமாடியில் இருப்பவர் 10 அல்லது 12 அடிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

நேரத்தைக் கணக்கிடும்போது கை ஓடும் மணிகளோடு காத்திருக்கும் மணிகளையும் சேர்க்க வேண்டும். எப்பாக்சி பூசினால் இரவு முழுக்கக் காய வேண்டும்; மறுநாள்தான் அடுத்த வேலை. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்குபவருக்கு 80 மணி நேரக் கிட் மூன்று மாதம் எடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, துடைப்பது, வார்னிஷ் அடிப்பது, மறுபடி தேய்ப்பது என்று முடிக்கும் வேலை நேரத்தை விழுங்கும். வடிவம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இந்தப் பகுதியை அவசரப்படுத்தியவர்களின் படகில் தூரிகை முடியும் தூசியும் நிரந்தரமாக ஒட்டியிருக்கும்.

தனியாக இறங்கத் தயங்குபவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. மெய்ன் மாநிலத்தின் புரூக்லின் ஊரில் 1981 முதல் நடக்கும் வுடன்போட் பள்ளி இவற்றில் பெயர்பெற்றது. கயாக் கட்டும் வகுப்புகளில் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, தன் படகைத் தானே இணைத்து, மெருகேற்றும் வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இது கைக்கெட்டும் வழி.

பெட்டிக்குள் என்ன?

‘முழுக் கிட்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பொருள் கொள்கிறது. பொதுவாக மூன்று படிகள் உண்டு. வரைபடமும் கையேடும் மட்டும். வெட்டிய மரத்துண்டுகள் மட்டும். மரம், எப்பாக்சி, துணி, கம்பி, இருக்கை, மூடிகள் எல்லாம் சேர்ந்தது. விலையை ஒப்பிடும் முன் எந்தப் படியை ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

மரத்துண்டுகள் கணினி இயந்திரத்தால் வெட்டப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். எட்டடிப் பலகையிலிருந்து 17 அடிப் படகு வர வேண்டுமென்றால் பலகைகளை நீளவாக்கில் இணைத்தாக வேண்டும். முன்பெல்லாம் தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒட்டுவார்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் அது. நல்ல கிட்களில் இன்று குழந்தைகளின் புதிர் அட்டைபோல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். நீளம் தவற வாய்ப்பில்லை. கம்பிக்கான துளைகளும் இடப்பட்டிருந்தால் மேலும் ஒரு நாள் மிச்சம்.

பெட்டியில் வராதவை ஒரு தனிப் பட்டியல்: கையுறை, தூரிகை, உருளை, உப்புத்தாள், முகக்கவசம், வார்னிஷ், கிளாம்புகள். பிறகு துடுப்பு, உயிர்காப்பு மேலங்கி, இருக்கை வாயை மூடும் துணி, காரின் கூரையில் கட்டும் தாங்கி. எட்டடிப் பெட்டிக்கு அனுப்பும் கட்டணமும் சாதாரணப் பொட்டலத்துக்கு ஆவதுபோல் இருக்காது. இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகைதான் படகின் விலை.

கையேட்டைத் தனியாக விற்கும் நிறுவனமாக இருந்தால் முதலில் அதை மட்டும் வாங்கிப் படிப்பது சிறந்தது. ஒவ்வொரு படிக்கும் படம் இருக்கிறதா, தவறு நேர்ந்தால் சரிசெய்யும் வழி சொல்லியிருக்கிறதா, பசை காயும் நேரம் எழுதியிருக்கிறதா? இரண்டு வாசிப்புக்குப் பிறகும் ஒரு அத்தியாயம் புரியவில்லை என்றால் அந்தக் கிட்டைத் தள்ளிவைக்கலாம்.

எப்படிப்பட்ட மரம்?

நல்ல கிட்களில் ஒகூமே பிளைவுட் வரும். மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் காடுகளில் முக்கியமாக விளையும் இலேசான மரம் அது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரக்குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். நீரில் பிரியாத பசை, உள்ளடுக்கில் ஓட்டை இல்லாமை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

இந்தியாவில் இருப்பவர் வரைபடத்தை மட்டும் வாங்கி உள்ளூர்ப் பலகையில் கட்ட நினைத்தால் தேட வேண்டியது ஐஎஸ் 710 முத்திரை. இது கடல்சார் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. ஐஎஸ் 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கான தரம்; படகுக்கு ஒத்துவராது. வலிமையில் ஐஎஸ் 710 குறையில்லை. எடைதான் யோசிக்க வைக்கும். இங்கே பல கடல்சார் பலகைகள் கர்ஜன் மரத்தில் செய்யப்படுகின்றன. எட்டுக்கு நான்கடி, 4 மில்லிமீட்டர் ஒகூமே பலகை சுமார் 6 கிலோ இருக்கும். கர்ஜன் பலகை 8 கிலோவைத் தாண்டும். ஒரு கடல் கயாக்குக்கு மூன்று, நான்கு பலகைகள் செல்லும் என்பதால் முடிந்த படகில் சில கிலோ கூடிவிடும். காரின் கூரைக்குத் தனியாகத் தூக்கும் தோளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கடையில் பலகையை ஓரமாக நிறுத்தி நான்கு விளிம்புகளையும் பார்க்க வேண்டும். உள்ளடுக்கில் கறுப்பு இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் வளைக்கும்போது முறியும். ஒரு துண்டை வாங்கி வீட்டுச் சட்டியில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுப் பார்ப்பதும் கட்டுபவர்களிடையே உள்ள பழக்கம். அடுக்கு பிரிந்தால் முத்திரையை நம்ப வேண்டியதில்லை.

எப்படிப்பட்ட பசை?

எப்பாக்சியில் ரெசினையும் ஹார்டனரையும் குறித்த விகிதத்தில் கலக்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் உருவாக்கிய வெஸ்ட் சிஸ்டம் வகையில் வழக்கமான விகிதம் ஐந்துக்கு ஒன்று. மாஸ், சிஸ்டம் த்ரீ போன்றவற்றில் இரண்டுக்கு ஒன்று. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பசை கடைசிவரை பிசுபிசுத்தே கிடக்கும். புதியவருக்கு இரண்டுக்கு ஒன்று அளப்பது சுலபம். குடுவையில் அளவுப் பம்பு உள்ள கிட் இன்னும் நல்லது.

வெப்பம் இதன் பெரிய எதிரி. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் பசை வேலைக்கு உதவும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதிய கையேடு ‘இருபது நிமிடம்’ என்று சொன்னால் சித்திரை மாதச் சென்னையில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஒரு காகிதக் கோப்பை நிறையக் கலந்து வைத்துவிட்டுத் துணியை வெட்டத் திரும்பினால், கோப்பை முதலில் இளஞ்சூடாகும். பிறகு கை தாங்காது. கடைசியில் புகைந்து, உள்ளே பசை கல்லாகி, வெடிப்பு விழுந்து நிற்கும். பசை தன் சூட்டிலேயே தன்னை வேகவைத்துக்கொள்ளும். சிறுகச் சிறுகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு தேங்காது. வெப்பநாட்டில் இருப்பவர் ஆர்டர் செய்யும்போதே மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேட்க வேண்டும். பூசும் நேரத்தை மாலைக்குத் தள்ளுவதும் பலன் தரும்: வெப்பம் ஏறும் காலையில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழியாக வெளிவரும், இறங்கும் மாலையில் மரம் பசையை உள்ளிழுக்கும்.

ஹார்டனர்கள் பல அரிக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டவை. விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் மரத்துண்டுகளை மட்டும் தருவித்து எப்பாக்சியை உள்ளூரில் வாங்குவது செலவையும் அலைச்சலையும் குறைக்கும்.

தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் எப்பாக்சி ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் குடுவையைத் திறக்கவே கூடாது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். கரைப்பான் தேய்த்தால் அது பசையைத் தோலுக்குள் கொண்டுபோகும். முழுதாக இறுகாத பசையைத் தேய்க்கும்போது எழும் தூசியும் அதே கேட்டைச் செய்யும். காய்ந்த எப்பாக்சி வெயிலில் மஞ்சளித்துச் சிதையும் என்பதால், புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷோ பெயின்டோ மேலே கட்டாயம் அடிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

இத்தனை கேள்விகளுக்குப் பிறகு கையில் இரண்டு மாடல்கள் மிஞ்சியிருக்கும். கார் நிறுத்துமிடத்துத் தரையில் இரண்டின் வெளிக்கோட்டையும் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைய வேண்டும். உட்காரும் வாயை அட்டையில் வெட்டி, பட்டியலில் சொன்ன உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, உள்ளே கால் நுழைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு துடைப்பக் கட்டையைத் துடுப்பாகப் பிடித்து இரு பக்கமும் வீசிப் பார்த்தால், அட்டை விலாவில் இடிக்கிறதா, தொடை பிடிக்கிறதா, பாதம் மரத்துப்போகிறதா என்பது தெரியும்.

பிறகு ஒரு சின்ன எப்பாக்சிப் பொட்டலமும், கையகலப் பிளைவுட் துண்டுகள் இரண்டும், ஒரு முழம் செம்புக் கம்பியும் வாங்கலாம். ஓரத்தில் மூன்று துளை போட்டு, இரண்டு துண்டுகளையும் ‘வி’ வடிவில் தைத்து, உள்மூலையில் மரத்தூள் கலந்த பசையை வழித்து, மேலே ஒரு பட்டைத் துணி ஒட்டி, எந்த இடத்தில் படகைக் கட்டப் போகிறோமோ அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். எவ்வளவு நேரத்தில் இறுகியது, மேற்பரப்பு பிசுபிசுத்ததா, கம்பி சுலபமாக உருவ வந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு நாள் கழித்து அந்தத் துண்டை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டும். பசைக்கோட்டோடு பிளந்தால் விகிதத்திலோ கலக்கியதிலோ தவறு. இன்னொரு முறை செய்து பார்க்கலாம். மூட்டு அசையாமல் நிற்க, பக்கத்து மரம் நார் நாராகக் கிழிந்து வந்தால், ஆர்டர் படிவத்தை எடுத்து மாடலின் பெயரையும் ஹார்டனரின் வகையையும் நிரப்பிவிடலாம்.